செவிவழிக் கற்றலும் இரண்டு அரியர்களும்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதலாண்டில் கல்லூரியில் நடந்த ஒரு பயிலரங்கில் வினாத்தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். அதன்படி நான் ‘செவிவழிக் கற்பவன்’ என்றார்கள். அன்றிலிருந்து குறிப்பெடுப்பதை விட்டுவிட்டு, பாடங்களைக் கைபேசியில் பதிந்து விடுதியில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கேட்கும்போது எல்லாம் புரிகிறது. ஆனால் வெப்ப இயக்கவியலிலும் பாய்ம இயக்கவியலிலும் அரியர் விழுந்துவிட்டது. என் கற்றல் பாணியைத் தவறாகக் கணித்துவிட்டார்களா?

கே.

அன்புள்ள கே.,

கணிப்பு சரியாகவே இருந்திருக்கலாம். நீங்கள் நிரப்பியது, நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘வார்க்’ வினாத்தாளாகவோ அதன் சாயலில் அமைந்த ஒன்றாகவோ இருக்கும். பார்ப்பது, கேட்பது, படித்தெழுதுவது, செய்துபார்ப்பது ஆகியவற்றில் உங்களுக்கு உகந்தது எது என்று அது உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அது விருப்பத்தைச் சொல்லுமே தவிரத் திறனை அளக்காது. அந்த விருப்பத்தையொட்டிப் படித்தால் மதிப்பெண் கூடும் என்ற அடுத்த கட்ட முடிவுக்குத்தான் தக்க சான்று இல்லை.

2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் கற்றல் பாணி பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்தபோது ஓர் எளிய நிபந்தனையை வைத்தார்கள். எல்லா வகை மாணவர்களையும் குலுக்கல் முறையில் வெவ்வேறு கற்பித்தல் முறைகளுக்குப் பிரித்தனுப்பி, எல்லாருக்கும் ஒரே தேர்வை வைத்தால், செவிவழியினர் கேட்டுப் படித்தபோதும் காட்சிவழியினர் பார்த்துப் படித்தபோதும் மேலாகத் தேற வேண்டும். இந்த நிபந்தனையோடு செய்யப்பட்ட ஆய்வுகளே மிகக் குறைவு. அவற்றிலும் பல, கற்றல் பாணிக் கொள்கைக்கு எதிரான முடிவையே தந்திருந்தன. பின்னர் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் மாணவர்களிடம் நடந்த ஆய்விலும், தம் ‘பாணி’க்கு ஏற்பப் படித்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறவில்லை. கணினியில் நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்துப் பழகுவது போன்ற சில படிப்பு முறைகளுக்கும் மதிப்பெண்ணுக்கும்தான் தொடர்பு தெரிந்தது. திசுக்களை அடையாளம் காண வேண்டிய பாடத்தில் அதில் வியப்பில்லை.

எனவே எப்படிப் படிப்பது என்பதைப் பாடத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். வெப்ப இயக்கவியலில் வரும் கார்னோ சுழற்சியின் நான்கு படிகளை ஆசிரியர் எவ்வளவு அழகாகச் சொன்னாலும், அழுத்தம்–கனஅளவு வரைபடத்தை உங்கள் கையால் வரைந்து, எந்தக் கோட்டில் வெப்பம் உள்ளே வருகிறது, எந்தக் கோட்டில் வெளியேறுகிறது என்று குறித்துப் பார்க்காதவரை தேர்வுத்தாளில் அது வராது. அந்தப் பாடத்திற்கு எல்லா மாணவர்களும் காட்சிவழியினர்தான்.

‘கேட்கும்போது எல்லாம் புரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி இதுதான். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை நான்கு தடவை படித்த மாணவர்கள், ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் எழுதிய மாணவர்களை ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ முன்னவர்களுக்கு நினைவில் நின்றது சுமார் 40 விழுக்காடு, பின்னவர்களுக்குச் சுமார் 61. இத்தனைக்கும் தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே! பழகிய குரலில் பழகிய வாக்கியம் காதில் விழும்போது ஏற்படும் இணக்கத்தைத்தான் நீங்களும் புரிதல் என்று எண்ணிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பதிவுகளை அழித்துவிட வேண்டியதில்லை. பேருந்தில் வரும்போது தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அதைப் படித்த நேரமாகக் கணக்கில் எழுதாதீர்கள். விடுதிக்கு வந்ததும் வெள்ளைத்தாளை எடுத்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பாய்ம இயக்கவியலில் வரும் பெர்னூலி சமன்பாட்டை முதல் வரியிலிருந்து வருவித்துப் பாருங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ அந்த வரியை மட்டும் புத்தகத்தில் தேடுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி எழுதுங்கள், பிறகு ஒரு வாரம் விட்டு. பழைய வினாத்தாள்களில் வரும் கணக்குகளையும், விடையைப் பார்க்காமல், இதே இடைவெளியில் போட்டுப் பாருங்கள். அரியர் தேர்வுக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு மாதம் இருந்தாலும் இரு தாள்களுக்கும் இதைச் செய்ய முடியும்.