ஒரே குளத்துக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வாத்து வேட்டைக்குப் போகலாம்?

தம்பி, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உங்களுக்கு இது முதல் வேட்டைப் பருவம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கி, மரங்கள் சூழ்ந்த சின்னக் குளத்தில் முதல் சனிக்கிழமை இறங்க நாலு வாத்து விழுந்தது. செவ்வாய் போக ஒன்று. அடுத்த சனி காலையும் பின்னேரமும் இருந்து பார்த்தும் ஒன்றுமில்லை. வாத்துகள் உயரத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டன. ஒரே இடத்துக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை போகலாம் என்பது உங்கள் கேள்வி.

ஒன்றிரண்டு ஏக்கர் நீருக்கு ஏழு முதல் பத்து நாளில் ஒரே ஒரு காலை. அதற்கு மேல் வேண்டாம். இருபது முப்பது ஏக்கர் சதுப்பென்றால் நாலைந்து நாள் விட்டுப் போகலாம், ஒவ்வொரு தரமும் வேறு மூலையில் இருந்துகொண்டு. பெரிய ஏரிக் கரையிலும் ஆற்றிலும் இரண்டு மூன்று நாள் இடைவெளி போதும், ஏனென்றால் அங்கே பறவைகள் வந்துபோய்க்கொண்டே இருக்கும். இவை சட்டமல்ல, கைக்கணக்கு. உங்கள் குளத்தின் கணக்கை அந்தக் குளத்து வாத்துகள்தான் சொல்லும்.

வாத்துகள் அந்த நீரை எதற்குப் பாவிக்கின்றன என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரவு தங்கவா, தீன் தின்னவா, பகலில் இறகு கோதி இளைப்பாறவா? பொழுது படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, துவக்கு இல்லாமல், வாகனத்திலிருந்தே தொலைநோக்கியால் பாருங்கள். இருட்டும் நேரத்தில் கூட்டங்கூட்டமாக வந்து விழுந்தால் அது இரவுத் தங்கல். அதில் ஒருபோதும் வெடி வைக்காதீர்கள். தங்குமிடத்தில் அடிபட்ட கூட்டம் அந்தக் குளத்தை மட்டும் விட்டுப் போகாது; சுற்றியுள்ள சோளத் தோட்டங்கள், ஓடைகள் எல்லாவற்றையும் விட்டு மொத்தமாக இடம் மாறும். உங்களுக்கும் வேட்டை போச்சு, பக்கத்துப் பண்ணையில் இருப்பவருக்கும் போச்சு. தங்கலைச் சும்மா விட்டு, அங்கிருந்து அவை தீனுக்குப் போகும் வழியில் ஒரு கிலோமீற்றர் தள்ளி இருந்தால் பருவம் முழுக்க வேட்டை இருக்கும்.

உங்கள் குளம் பகலில் இளைப்பாறும் இடம் போலத் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை போனதை விட அதை அதிகம் கெடுப்பது அந்தச் சனி போலப் பின்னேரமும் இருப்பதுதான். காலையில் வெடி கேட்டுக் கலைந்த வாத்துகள் பத்து, பதினொரு மணிக்கு மேல் மெல்ல மெல்லத் திரும்பப் பார்க்கும். அப்போது நீங்கள் அங்கே இல்லையென்றால், ‘காலையில் கொஞ்சம் கரைச்சல், மற்றபடி பரவாயில்லை’ என்ற அளவில் அந்த இடத்தை வைத்திருக்கும். திரும்பி வரும்போதும் வெடி என்றால் அந்த நீரை நாளின் எல்லா நேரத்துக்குமே ஆபத்தென்று எடுத்துக்கொள்ளும். பிறகு நள்ளிரவில் வந்து தின்றுவிட்டு விடியுமுன் போகும். கரைச் சேற்றில் புதுக் காலடி, நீரில் மிதக்கும் இறகு, ஆனால் விடிந்ததும் வெறும் குளம். அதனால் ஒன்பதரைக்கு டிக்கோய்களை, அதாவது நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளை, சுருட்டுங்கள், அன்றைக்கு அனுமதித்த வாத்துக் கணக்கு நிரம்பாவிட்டாலும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பாயூ மெட்டோ போன்ற புகழ்பெற்ற பொது வேட்டை நிலங்களில் நண்பகலோடு வேட்டையை நிறுத்த வேண்டும் என்று விதியே இருக்கிறது.

எத்தனை தரம் போனீர்கள் என்பதைப் போலவே எதைச் சுட்டீர்கள் என்பதும் முக்கியம். அறுபது எழுபது வாத்து ஒன்றாக இறங்கினால் கை துடிக்கும். சுடாதீர்கள். அதில் இரண்டு விழும். மீதி அறுபதும் உங்கள் மறைவிடத்தை, டிக்கோய் கிடந்த கோலத்தை, சத்தத்தை எல்லாம் படித்துக்கொண்டு போகும். தனியாகவும் சோடியாகவும் நாலைந்தாகவும் வருவதை மட்டும் எடுங்கள். கூடவே தூரத்தையும் கட்டுப்படுத்துங்கள். இங்கே வாத்துக்கு ஈயச் சன்னம் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) பாவிக்க முடியாது. இரும்புச் சன்னம் எடை குறைந்தது, சீக்கிரம் வேகம் இழக்கும். 12 கேஜ் (குழலின் அளவு) துவக்கில் 2 அல்லது 4 ஆம் இலக்கச் சன்னத்தோடு 35 யார் (கஜம்) என்று எல்லை வையுங்கள். டிக்கோய்களில் கடைசியானதை 30 யாரில் போட்டால் கண் அளவு தானாக வரும். அதைத் தாண்டிச் சுட்டால் காயப்பட்டுப் போகும் பறவை கூடும். அது முதலில் பாவம்; அடுத்து, அதைத் தேடி அரை மணி நேரம் நாணலை உழக்குவது பத்து வெடியை விட அந்த இடத்தைக் குழப்பும். ஆனால் விழுந்ததை உடனே தேடி எடுக்கத்தான் வேண்டும், சட்டமும் அதுதான்.

காற்று பொருந்தாத நாளில் போவது ஒரு தவணையை வீணாக்குவது. வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்தால்தான் அவை உங்கள் முன்னால் கால் விரித்து வரும். முகத்துக்கு நேரே காற்றென்றால் உங்கள் தலைக்கு மேலால் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிடும். ஆகவே ஒவ்வொரு காற்றுக்கும் ஒன்றாக மூன்று நாலு இடங்களுக்கு அனுமதி வாங்கி வையுங்கள். அப்படி இருந்தால் குளத்துக்கு ஓய்வு கொடுக்க மனதைக் கட்டுப்படுத்தத் தேவையே இல்லை, ஓய்வு தன்பாட்டில் கிடைக்கும்.

பருவத்தின் எந்தப் பகுதி என்பதும் இந்த இடைவெளியை மாற்றும். செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் உங்கள் குளத்தில் இருப்பவை பெரும்பாலும் அந்த வட்டாரத்திலேயே பிறந்த மல்லார்ட், வூட் டக் என்ற வாத்து இனங்கள். அவற்றின் எண்ணிக்கை அவ்வளவுதான். கலைத்துவிட்டால் அந்த இடத்தை நிரப்ப வேறு இல்லை. அப்போது பத்து நாள் இடைவெளியைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஒக்டோபர் நடுவிலிருந்து வடக்கேயிருந்து புதுப் பறவைகள் வரும். வடமேற்கிலிருந்து வாடை பலமாக அடித்து வெப்பநிலை சடாரென்று விழுந்தால், அடுத்த இரண்டு நாட்களில் குளத்தில் இருப்பது உங்களை அறியாத கூட்டம். மூன்று நாளுக்கு முன்தான் போயிருந்தாலும் அன்று போகலாம். இதமான தெற்குக் காற்று ஒரு கிழமை நீடித்தால் பழைய கூட்டமே நிற்கும், இடைவெளியைக் கூட்டுங்கள்.

எப்போது நிறுத்துவது? வேட்டைக்கு முதல் நாள் பின்னேரம் எண்ணிப் பாருங்கள், ஒரு கொப்பியில் எழுதுங்கள். போன தரம் நாற்பது, இப்போது பதினைந்து என்றால் இன்னும் ஒரு கிழமை விடுங்கள். டிக்கோய்க்கு அப்பால் 60, 70 யாரில் இறங்குவதும், மூன்று சுற்றுச் சுற்றியும் சிறகை மடக்காமல் போவதும் அதே செய்திதான். ஓய்வு கொடுத்துத் திரும்பும்போது பழைய படத்தையே காட்டாதீர்கள். இரண்டு டசின் போட்ட இடத்தில் ஆறு போடுங்கள், மறைவிடத்தை இருபது அடியாவது தள்ளுங்கள், கூப்பிடு குழலைக் குறையுங்கள். வெற்றுத் தோட்டாக்கள் ஒவ்வொன்றையும் பொறுக்குங்கள். சிவப்புப் பிளாஸ்டிக்கின் பித்தளை அடி காலை வெயிலில் மினுங்குவது மேலிருந்து நன்றாகவே தெரியும். மறைவிடத்துக்கு வெட்டிப் போட்ட நாணல் இரண்டு கிழமையில் வெளிறி, சுற்றியுள்ள நிறத்தோடு ஒட்டாமல் நிற்கும். அதையும் மாற்றுங்கள்.

விதிகளில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவின் வேட்டை உரிமத்தோடு, கூட்டரசின் வலசைப் பறவை வேட்டை அனுமதியும் அதற்குரிய முத்திரையும் வேண்டும். துவக்கில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற முடியாதிருக்க வேண்டும். நாளுக்கு ஆறு வாத்து. சில இனங்களுக்கு அதற்குள்ளும் தனி வரம்பு உண்டு, அதை ஒவ்வொரு ஆண்டும் பாருங்கள். தென் ஒன்ராறியோவில் சில உள்ளூராட்சிப் பகுதிகளில் ஞாயிறு துவக்கு வேட்டைக்கு இடமில்லை.

மேலே சொன்ன இடைவெளிக் கணக்கு பொருந்தாத ஒரு நேரம் உண்டு. குளங்கள் ஓரத்திலிருந்து உறையத் தொடங்கி, ஊற்று நீரோ ஓடும் நீரோ உள்ள இடம் மட்டும் திறந்திருக்கும் அந்த ஐந்தாறு நாட்கள். வேறு நீர் இல்லாததால் கலைத்தாலும் திரும்பும். பருவம் திறந்திருந்தால் ஒன்றுவிட்ட ஒரு நாள் போகலாம். அப்போதும் ஒன்பதரைக்குக் கிளம்பிவிடுங்கள். குளிரில் அவற்றுக்கு அந்தத் திறந்த நீர் மிகவும் தேவை. உறைந்த ஓரத்தின் மேல் நடக்காதீர்கள், அடியில் சேற்றின் ஆழம் தெரியாது.