தேவகோட்டைத் தம்பிக்கு: பவுல்ஸ் கிளப்பில் புதுப் போட்டி தொடங்குவது பற்றி

தேவகோட்டையிலிருந்து மெல்போர்ன் போய் இன்னும் ஒரு கோடைகூடப் பார்க்காத தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, வீட்டுக்குப் பின் தெருவில் ஒரு லான் பவுல்ஸ் கிளப் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். உங்கள் கிளப்பில் நீங்கள் புதுசாக ஒரு போட்டியே ஆரம்பித்தீர்களாமே, எப்படி விட்டார்கள்? நம்ம ஆட்களாக ஒரு டீம் சேர்த்து நாங்களும் செய்யலாமா? டிசம்பரில் அப்பா வருகிறார், அவரையும் கூட்டிப் போகலாமா?"

அங்கே இப்போது குளிர்காலம், எங்கள் கிளப்பில் புல்லுக்கு ஓய்வு, நானும் காரைக்குடிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம்ம ஆட்களாக டீம் வேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக (நேற்று வளவில் உட்கார்ந்து பெரியப்பாவுக்கும் இதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன்): 31 முதல் 40 மீட்டர் நீளத்தில் மேடு பள்ளம் இல்லாத புல்தரை, அதுதான் கிரீன். ஒரு முனையில் சின்னப் பாயைப் போட்டு, அதில் நின்று ஜாக் என்ற சிறு பந்தை முதலில் உருட்டிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் அதைக் கிட்டி என்பார்கள். அப்புறம் பெரிய பவுலை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பவுல் முழு உருண்டை கிடையாது, ஒரு பக்கம் சற்றே வேறு வடிவம், வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளைந்து போகும், அதனால் கிட்டிக்கு நேராகக் குறிபார்த்தால் காரியம் கெட்டது. பெரியப்பா கேட்டது ஒன்றுதான்: "இதுக்கு ஓட வேண்டாமா?" வேண்டாம்.

சரி, கிளப் எப்படி விட்டது? அவர்களுக்கும் தேவை இருந்தது. சனிக்கிழமையும் வார நடுவில் ஒரு நாளும் பென்னன்ட், அதாவது கிளப்புகளுக்கு இடையே நடக்கும் சீசன் போட்டி. அதற்கே ஆள் பற்றாமல் டீமைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற மாலைகளில் கிரீன் சும்மா கிடக்கும், பாரும் காலி. அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள் இல்லையா, டிசம்பரில் இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும், ஆபீஸ் முடிந்து வருகிறவர் விளக்குச் செலவில்லாமல் ஒரு முழு ஆட்டம் ஆடிவிடலாம். வெள்ளிக்கிழமை மாலையைக் கேட்டபோது செயலாளரிடம் நான் சொன்னது இந்தக் கணக்கை மட்டும்தான். இந்தியர்களுக்கு ஒன்று நடத்தலாம் என்று போயிருந்தால் ஒரு நாள் விழா வைத்து, சமோசா சாப்பிட்டு, கை குலுக்கி அனுப்பியிருப்பார்கள்.

செயலாளரைவிட முக்கியமானவர் கிரீன்கீப்பர். அவர் முகம் சுளித்தால் கமிட்டி தீர்மானம் போட்டும் பிரயோஜனமில்லை, புல்லை வெட்டுவது, உருளை ஓட்டுவது, எந்த ரிங்க்கை (கிரீனில் ஒரு ஆட்டத்துக்கான நீளப் பட்டையை) எப்போது திறப்பது எல்லாம் அவர் கையில். புதியவர்கள் பவுலை உருட்டாமல் தொப்பென்று போட்டுப் பள்ளம் விழவைப்பார்கள் என்பதுதான் அவர் பயம், நியாயமான பயம். தட்டையான அடியுள்ள ஷூ அல்லது வெறுங்கால், முதல்முறை வருகிறவர்கள் அரைமணி முன்னால் வந்து பழக வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகு ஓரத்து ரிங்க்குகளைத் தந்தார்.

ஆட்ட முறையை முடிவு செய்யத்தான் நிறைய நேரம் போனது. சிங்கிள்ஸ் என்றால் ஆளுக்கு 4 பவுல், 21 ஷாட் எடுக்கும்வரை ஆட்டம் (எதிராளியின் பவுல்களைவிடக் கிட்டிக்கு நெருங்கி நிற்கும் ஒவ்வொரு பவுலும் ஒரு ஷாட்); தெரிந்தவர் தெரியாதவரை அடித்து விரட்டிவிடுவார். ஃபோர்ஸ், அதாவது நாலு பேர் டீம் என்றால் ஒருவர் வராவிட்டாலும் டீம் நொண்டும். கடைசியில் மூன்று பேர் ஆடும் ட்ரிபிள்ஸ், ஆனால் வழக்கமான 3 பவுலுக்குப் பதில் ஆளுக்கு 2, மொத்தம் 10 எண்ட் (ஒரு முனையிலிருந்து எல்லாரும் பவுலைப் போட்டு முடிப்பது ஒரு எண்ட்) என்று வைத்தோம். எண்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 12 பவுல்தான், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஷாட்டை மட்டும் எண்ணினால் ஒரே எண்டில் ஐந்தாறு கொடுத்த டீம் அதோடு படுத்துவிடும் என்பதால், எண்டை ஜெயித்தால் ஒரு புள்ளி, சமமானால்தான் ஷாட் வித்தியாசம். பழைய உறுப்பினர் ஒருவர் இது பவுல்ஸே இல்லை என்று எழுந்து போனார். அந்த சீசன் முடிவதற்குள் வந்து சேர்ந்துகொண்டார், இப்போது அளவு நாடாவை வைத்துக்கொண்டு அதிகம் சண்டை போடுவது அவர்தான்.

டீமை யாரும் கட்டிக்கொண்டு வரக் கூடாது, வாரா வாரம் சீட்டுக் குலுக்கல், புள்ளி தனித்தனி ஆளுக்கு. பென்னன்ட் ஆடுகிற ஒருவர் ஸ்கிப், அதாவது டீம் தலைவர், புதியவர் லீட். லீட் முதலில் போடுகிறவர், எதிரே ஒன்றும் கிடக்காது, பயம் குறைவு. ஸ்கிப் மறுமுனையில் நின்று எங்கே போட வேண்டும் என்று கை காட்டுவார், முனை மாறும்போது கூடவே நடந்து வருவார். ஆக, பல வருஷம் ஆடிய ஒருவர் மாலை முழுக்க நம்மிடம் பேசியே தீர வேண்டும். நம்மவர் மூன்று பேரும் ஒரே டீமில் இருந்தால் தோற்றுவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் தமிழில் பேசிவிட்டு வீட்டுக்குப் போவோம், அதற்குக் கிளப் எதற்கு?

பணம் பெரிய விஷயமில்லை, ஊர்க் கோயிலுக்குப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போடுவது மாதிரி தலைக்கு ஒரு சின்னத் தொகை. பரிசுதான் கூத்து. அங்கே வழக்கம் கறிக்கடையிலிருந்து ஒரு தட்டு நிறைய இறைச்சி. முதல் வாரமே அது விழுந்தது பள்ளத்தூர்க்காரர் ஒருவருக்கு, சுத்த சைவம். செட்டிநாடு என்றால் கோழி என்று படித்து வைத்திருந்த கிளப் ஆட்களுக்கு அவரைப் புரியவைக்கவே ஒரு மாலை ஆனது. இப்போது பழத்தட்டும் உண்டு.

இன்னொன்று, 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி நால்வரும் தென் ஆப்பிரிக்காவை 17-10 என்று வென்று இந்தியாவுக்குத் தங்கம் வாங்கியது இந்த ஆட்டத்தில்தான். நம் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை, பவுல்ஸ் கிளப்பில் பேச்சு வரும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பவுல் இப்போது வாங்காதீர்கள், ஆளின் கைக்குத் தக்கபடி பவுலின் அளவு மாறும், கிளப்பில் இரவல் தருவார்கள். சீசன் தொடங்கும் முன் செப்டம்பரிலேயே போய் சோஷியல் மெம்பராக, அதாவது பென்னன்ட் ஆடாத உறுப்பினராகச் சேருங்கள், கொஞ்ச நாள் ஆடுங்கள், எந்த மாலை காலியாகக் கிடக்கிறது என்று பாருங்கள், அப்புறம் வாயைத் திறக்கலாம். அப்பாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். குனிய முடியாதவர்கள் நின்றபடியே பவுலைப் பிடித்து விடுவதற்கு நீளக் கைப்பிடிக் கருவி இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தருவார்கள். வேட்டியைப் பற்றி எங்கள் வெள்ளிக்கிழமை விதிகளில் ஒன்றும் இல்லை, மடித்துக் கட்டிக்கொண்டால் போதும்.