சேலை முதலில், ஜாக்கெட் அப்புறம்: வால்பேப்பர், பெயிண்ட் கேள்வி-பதில்

ஹாலில் டிவி இருக்கும் சுவருக்குப் பெரிய பூப்போட்ட வால்பேப்பர் ஒட்ட ஆசை. மற்ற மூன்று சுவர்களுக்கும் பிஸ்தா பச்சை அடிக்க ஆள் வரச் சொல்லியாயிற்று. பேப்பரைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்தானே? (வாசகி, திருநகர்)

ஆளை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடைப் பக்கம் போய் முதலில் ஜாக்கெட் துணியைக் கிழித்து வாங்கிவிட்டு, அதற்குத் தோதாகச் சேலை தேடுகிறவர் யாராவது உண்டா? பேப்பர்தான் சேலை, பெயிண்ட்தான் ஜாக்கெட். கடையில் உங்களுக்குப் பிடித்த மாதிரி பேப்பர் நாலைந்து கிடைத்தாலே பெரிது. பெயிண்ட்டோ மெஷினில் கலந்து ஆயிரக்கணக்கான ஷேடுகளில் வரும். அரிதாகக் கிடைப்பதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். இஷ்டத்துக்கு வளைவதை அதன் பின்னால் வரவிடுங்கள்.

சரி, பேப்பரில் ஆறு நிறம் இருக்கிறதே, எதை எடுப்பது? எல்லோரும் கண்ணில் முதலில் படும் பூவின் நிறத்தை எடுத்து மூன்று சுவர்களுக்கும் பூசிவிடுவார்கள். நாலு சுவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடும். சேலையின் உடல் நிறம்போலப் பேப்பருக்கும் ஓர் அடி நிறம் இருக்கும். அதை ஒரு படி வெளுப்பாக்கிச் சுவர்களுக்குக் கொடுங்கள். பூவின் நிறம் இரண்டு குஷன் உறையில் வந்தால் போதும். இலைக்காம்பில் ஒளிந்திருக்கும் நிறம் இருக்கிறதே, அது ஜன்னல் திரைக்கு அழகாக உட்காரும்.

வெள்ளையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பேப்பரின் வெள்ளை மோர் வெள்ளையாக இருந்து, பக்கத்துச் சுவருக்கும் சீலிங்குக்கும் பளீர் வெள்ளை அடித்தால், புதுப் பேப்பர் பழுப்பேறிய மாதிரி தெரியும். பணம் கொடுத்து அழுக்கு வாங்கிய கதை.

ஷேடு கார்டைக் கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜாக்கெட் துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்போமே, அதே வேலைதான். சின்ன டப்பா வாங்கி, பெரிய சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயிண்ட்) பெரும்பாலும் காய்ந்த பிறகு கொஞ்சம் அழுத்தமாகும். அட்டையைப் பேப்பர் துண்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக் காலையில், மாலை நாலு மணிக்கு, இரவு விளக்கில் என்று மூன்று தடவை பாருங்கள். மேற்கு ஜன்னல் உள்ள ஹாலில் நாலு மணி வெயில் எல்லா நிறத்திலும் மஞ்சளைக் கலந்துவிடும். இரவில் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, பல்பு அட்டையில் இருக்கும்) மஞ்சள் பல்பு போட்டால் நீலமும் பச்சையும் மங்கிப்போகும். 6500 வெள்ளை பல்பில் அதே பச்சை பளிச்சென்று நிற்கும். உங்கள் பிஸ்தா பச்சை இந்த மூன்றிலும் தேறினால் தாராளமாக அடியுங்கள்.

சுவர் 12 அடி அகலம், 10 அடி உயரம். 120 சதுர அடிக்கு 57 சதுர அடி ரோல் இரண்டு போதும் என்பது என் கணக்கு. கடைக்காரர் மூன்று என்கிறார். ஏமாற்றுகிறாரா? (வாசகர், திருமங்கலம்)

இல்லை. உங்கள் கணக்கிலேயே 6 சதுர அடி இடிக்கிறது, அது போகட்டும். டிசைன் பேப்பரைச் சதுர அடியில் கணக்குப் போடக்கூடாது, பட்டை பட்டையாகத்தான் போட வேண்டும். அந்த ரோல் 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம். உங்கள் சுவர் அகலம் 366 செ.மீ. என்றால் ஏழு பட்டை வேண்டும். உயரம் 305 செ.மீ. ஆனால் 305-இல் வெட்ட முடியாது. பக்கத்துப் பட்டையோடு பூ சேர வேண்டுமே. ஒரே பூ 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (லேபிளில் போட்டிருக்கும்). ஐந்து திருப்பம், 320 செ.மீ. வெட்ட வேண்டும். ஒரு ரோலில் மூன்று பட்டை. இரண்டு ரோலில் ஆறுதான். ஏழாவதுக்கு மூன்றாவது ரோல்.

இதே சுவர் 11 அடி உயரமாக இருந்தால் ஒரு பட்டைக்கு ஆறு திருப்பம் போகும். ரோலுக்கு இரண்டு பட்டைதான் தேறும், நாலு ரோல் ஆகிவிடும். உயரத்தில் ஓர் அடி கூடியதற்கு ஒரு முழு ரோல்! பூ பெரிதாகப் பெரிதாகச் சேதாரமும் பெருகும். நகைக்கடை மட்டுமில்லை, இங்கேயும் அப்படித்தான்.

மூன்றையும் ஒரே நாளில் வாங்கி, ரோல் மேலே இருக்கும் பேட்ச் எண் ஒன்றா என்று பாருங்கள். என் சொந்த வீட்டில் கணக்குத் தப்பிப்போய், மூன்றாவது ரோலை ஒரு மாதம் கழித்து வாங்கினேன். அதே டிசைன், வேறு பேட்ச், நிறம் ஒட்டவில்லை. அந்த ஒரு பட்டையை இன்றும் பீரோ மறைத்துக்கொண்டு நிற்கிறது. மிச்சமாகும் இரண்டு பட்டையைச் சுருட்டிப் பரணில் போடுங்கள்; என்றாவது கிழிந்தால் ஒட்டுப்போட உதவும்.

பூஜை அறைக்கு வால்பேப்பர்? (வாசகி, உசிலம்பட்டி)

வேண்டாம். கற்பூரப் புகையும் எண்ணெய்க் கரியும் ஆறு மாதத்தில் பூவை மறைத்துவிடும், நெருப்புக்குப் பக்கத்தில் காகிதமும் கூடாது. துடைக்கக்கூடிய எமல்ஷன் அடியுங்கள். சந்தன நிறம் நன்றாக இருக்கும். சமையலறையில் அடுப்புப் பக்கத்துச் சுவருக்கும் இதே பதில்தான்.

கீழ்வீட்டுப் படுக்கையறையில் ஒவ்வொரு மழைக்கும் சுவரில் உப்பு பூத்துப் பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. பேப்பர் ஒட்டி மறைத்துவிடலாமா? (வாசகர், செல்லூர்)

மறையாது, உள்ளே புழுங்கும். ஓதம் என்பது சுவருக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வரத் துடிப்பது. வரும்போது செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்பைக் கரைத்துக் கொண்டுவருகிறது, தண்ணீர் காய்ந்ததும் உப்பு வெள்ளையாக நிற்கிறது. மேலே வினைல் (பிளாஸ்டிக் பூச்சுள்ள) பேப்பரை ஒட்டினால் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. பசை ஊறிக் கருப்புப் பூஞ்சை பிடிக்கும், மக்கிய வாடை வரும், ஓரங்கள் தூக்கும்.

சந்தேகமான இடத்தில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. குளியலறைக் குழாயா, மாடித் தொட்டியா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று கொத்தனாரை வைத்து மூலத்தைச் சரிசெய்யுங்கள். அப்புறம் ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். நம்மூர்ச் சித்திரை வெயில் இதற்காவது பயன்படட்டுமே. அடுத்த ஐப்பசி மழையைச் சுவர் தாங்கினால் தை மாதம் பட்டி பார்த்து, பிரைமர் அடித்துப் பேப்பர் ஒட்டலாம். ஒரு வருஷமா என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரு வருஷம்.

காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீடு. தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். கூடத்துச் சுவருக்கு எந்த டிசைன் பேப்பர் பொருந்தும்? (வாசகர், மதுரை கே.கே.நகர்)

எதுவும் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். கண்ணாடி மேல் கையால் நிறம் ஊற்றி வார்த்த கல். அந்த வீட்டின் சேலையே தரைதான். சுவர் சும்மா இருக்கட்டும். முட்டைவெள்ளையும் சுண்ணாம்பும் சேர்த்த பழைய பூச்சு மிச்சமிருந்தால் அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து மூடிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பேப்பர் ஒட்டியே தீர வேண்டுமென்றால், சிமென்ட் தரை போட்ட மாடி அறை ஏதாவது இருக்கும், அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு. ஒட்டிப் பிரிக்கும் ஸ்டிக்கர் பேப்பர் வாங்கலாமா? (வாசகி, வில்லாபுரம்)

சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். கையில் மாவு ஒட்டினால் அது சுண்ணாம்போ மட்டமான டிஸ்டம்பரோ. ஒன்று, ஸ்டிக்கர் நிற்காது. அல்லது, பிரிக்கும்போது பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். அட்வான்ஸில் பிடிப்பார்கள். பிளைவுட் பலகையில் ஒட்டிச் சாய்த்து வையுங்கள், வீடு மாறும்போது கூடவே வரும்.

பத்துக்குப் பத்து அறை. மகளுக்கு அரக்கு நிறத்தில் பொடி டிசைன் பேப்பர் வேண்டுமாம். அறை இன்னும் சின்னதாகத் தெரியும் என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி? (வாசகி, மேலூர்)

நாலு சுவருக்கும் ஒட்டினால் மாமியார் சொல்வது சரி. கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் என்றால் மகள் கட்சிக்கு என் ஓட்டு. நம்மூர் சுங்குடிச் சேலையைப் பாருங்கள்: அழுத்தமான நிறத்தில் பொடிப் பொடியாகப் புள்ளி. கையில் எடுத்தால் ஒவ்வொரு முடிச்சும் தெரியும், பத்தடி தள்ளி நின்றால் புள்ளியெல்லாம் கரைந்து ஒரே நிறமாகிவிடும். பொடி டிசைனும் அப்படித்தான், கண்ணை உறுத்தாது. மற்ற மூன்று சுவர்களுக்கும் லேசாகச் சிவப்பு கலந்த சந்தன நிறம் கொடுங்கள், சீலிங்குக்கும் அதையே இன்னும் வெளுப்பாக. கோடு போட்ட டிசைனை மட்டும் மகள் கேட்டாலும் வாங்காதீர்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நம் வீட்டுச் சுவர்களில் பாதி நேராக நிற்பதில்லை. கோடு அதை ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும்.