96 ஆடும் ஒரு விளக்கும்

வணக்கம் சார்,

உங்க சைட்ட ரெண்டு வருஷமா படிக்கிறேன், எழுதறது இதான் மொத தடவ. பொன்னியின் செல்வன் ரெண்டு படமும் பாத்தேன், கதைய இஷ்டத்துக்கு மாத்திட்டாங்கன்னு எனக்கு இன்னும் ஆறல. மணிமேகலையவே காணோம். சேந்தன் அமுதன் விஷயத்த அப்படியே தூக்கிட்டாங்க. வரலாற்ற இப்படிச் சிதைக்கலாமா? இன்னொண்ணு, என் பையன் பத்தாவது படிக்கிறான். டைம் மெஷின்ல ஒரு பையன் ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூருக்குப் போற மாதிரி கதை எழுதிட்டு இருக்கான். மொதல்ல சோழர் வரலாற முழுசா படிச்சு முடி, அப்புறம் எழுதுன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான். அம்மாவா நான் சொன்னது தப்பா சார்? சயின்ஸ் ஃபிக்‌ஷன் எல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்தானே? அப்படியே வரலாற்று நாவல்ல டாப் 10 லிஸ்ட் ஒண்ணு போடுங்க. போர்க் காட்சி எந்தப் படத்துல நல்லா இருக்குன்னும் சொல்லுங்க.

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

லிஸ்ட் போட மாட்டேன். போர்க் காட்சி பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, எந்தப் படத்துல கத்திய உருவினாலும் நான் எழுந்து தண்ணி குடிக்கப் போயிடுவேன். மணிமேகலை இல்லாதது எனக்கும் வருத்தம்தான், ஆனா அஞ்சு பாகத்த ரெண்டு படத்துல அடைக்கிறவங்க யாரையாவது திண்ணையில உக்கார வெச்சிட்டுத்தான் உள்ள போகணும், விடுங்க.

ஆனா சேந்தன் அமுதன் மேட்டர்ல நீங்க "வரலாற்ற சிதைக்கலாமா"ன்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சுருக்குன்னுது. தாயே, சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன்ங்கறது கல்கி செஞ்ச வேல. வரலாற்றுல மதுராந்தகன், அதாவது உத்தம சோழன், கண்டராதித்தனுக்கும் செம்பியன் மாதேவிக்கும் பொறந்தவன், ஆள்மாறாட்டமெல்லாம் கிடையாது. சித்தப்பாவுக்கு நாட்டு மேல ஆச இருக்கிற வரைக்கும் எனக்கு வேணாம்னு அருள்மொழி, பின்னாடி ராஜராஜன் ஆனவன், ஒதுங்கி நின்னான்னு திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. படத்துல மகுடம் மதுராந்தகன் தலைலயே ஏறுது. அந்த ஒரு இடத்துல நாவலை விடப் படம்தான் செப்பேட்டுக்குக் கிட்ட நிக்குது! நீங்க வரலாறுன்னு நெனச்சு நெஞ்சோட அணைச்சு வெச்சிருக்கறது 1950ல இருந்து 54 வரைக்கும் வாராவாரம் வந்த ஒரு தொடர்கதைய. அணைச்சுக்கோங்க, நானும் அணைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், ஆனா அதுக்கு வரலாறுன்னு பேர் வைக்காதீங்க. வந்தியத்தேவனுக்கு தஞ்சாவூர்க் கல்வெட்டுல கெடைக்கிறது என்ன தெரியுமா, குந்தவையோட புருஷன்ங்கற அளவுக்குப் பேரு, அவ்ளோதான். அந்த ஒரு வரிய வெச்சுக்கிட்டு கல்கி ஒரு குதிரைய ஓட விட்டாரு பாருங்க, அது மூணு தலைமுறையா ஓடிக்கிட்டு இருக்கு.

இப்ப பையன் விஷயம். சோழர் வரலாற முழுசா படிச்சிட்டு எழுதுன்னு சொன்னீங்களாமே. முழுசான்னா எவ்ளோங்க? கல்வெட்டுத் தொகுதி மட்டும் அலமாரி அலமாரியா கெடக்கு, இன்னும் அச்சேறாதது வேற இருக்கு. அறுவது வயசுல நானே முழுசா படிக்கல. பதினஞ்சு வயசுப் பையன் தானா உக்காந்து எழுதறான், ஃபோன நோண்டல, அதுக்குத் தண்டனையா? எனக்கு உங்க மேல கோவம் வந்தது இந்த ஒரு வரிக்குத்தான்.

சரி, கோவம் போகட்டும். உங்க கடிதத்துக்கு ஏன் பதில் எழுத உக்காந்தேன்னா, போன வாரம் எங்க தெருவுல டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு ராத்திரி பூரா கரண்ட் இல்ல. இன்வெர்ட்டரும் பதினோரு மணிக்கு மேல கைய விரிச்சிடுச்சு. மொட்டமாடியில போய் நின்னா எதிர்வீடு தெரியல. அந்த இருட்டுல நின்னுக்கிட்டு நெனச்சேன், நாம பாக்கற ராஜா படம் எதுலயாவது ராத்திரி இருட்டா இருந்திருக்கா? ஒரு அந்தப்புரம், அதுல ரெண்டு பேர் ரகசியம் பேசறாங்க, சுத்தி நாப்பது விளக்கு எரியுது, கல்யாண மண்டபம் மாதிரி. ரகசியம் பேசறவன் ஏன்யா நாப்பது விளக்கு ஏத்தறான்? சில படத்துல மெழுகுவர்த்தி வேற!

இதுல நான் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கோங்க. சோழர் காலத்துல கோயில்ல அணையாம எரியற ஒரு நெய்விளக்குக்கு, நொந்தா விளக்குன்னு சொல்லுவாங்க, என்ன செலவுன்னு கல்லுலயே வெட்டி வெச்சிருக்கான். பல எடத்துல 96 ஆடு. ஒரு விளக்குக்கு. தொண்ணூத்தாறு. அந்த ஆட்ட இடையர் கிட்ட ஒப்படைச்சிடுவாங்க, அவர் தெனம் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும், சூரிய சந்திரர் இருக்கிற வரைக்கும். அந்த ஆடுங்களுக்குக் கல்வெட்டு வெச்ச பேரு "சாவா மூவாப் பேராடு". சாகாது, கெழடாகாது. எப்படின்னா, செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வந்துடும், கணக்குல எப்பவும் 96 இருக்கும். சயின்ஸ் ஃபிக்‌ஷன் சின்னப் பசங்க சமாச்சாரம்னு சொல்றீங்களே, சாவே இல்லாத ஆட்டு மந்தைய ஆயிரம் வருஷம் முன்னாடி ஒரு கோயில் கணக்குப்பிள்ள கண்டுபுடிச்சிட்டான், என்ன சொல்றீங்க?

கணக்குப் போட்டுப் பாருங்க, நான் அன்னிக்கு ராத்திரி இருட்டுல மனக்கணக்காப் போட்டேன். உழக்குன்னா கால் நாழி. தெனம் ஒரு உழக்குன்னா வருஷத்துக்கு 91 நாழி சொச்சம். 96 ஆட்டுக்குப் பிரிச்சா ஒரு ஆடு வருஷம் பூரா ஒரு நாழி நெய் கூடத் தர வேண்டியதில்ல, மிச்சம் பாலு, குட்டி, எரு எல்லாம் இடையர் பாடு. கோயிலுக்கும் விளக்கு, அவருக்கும் பொழப்பு. இப்ப அந்த அந்தப்புரத்துக்கு வாங்க. நாப்பது விளக்கு இண்ட்டூ 96, 3840 ஆடு. எங்கய்யா மேயுது அதெல்லாம், அரண்மனைக் கொல்லையிலயா? சரி சரி, வீட்டுல நெய்யா ஊத்தியிருப்பான், இலுப்பெண்ணெய்யோ வெளக்கெண்ணெய்யோதான் ஊத்தியிருப்பான்னு நீங்க கேப்பீங்க. ஒத்துக்கறேன். ஆனா இலுப்பக்கொட்டைய பொறுக்கினது ஒருத்தி, செக்குல ஆட்டினது ஒருத்தன், திரி திரிச்சது ஒரு கெழவி. அவங்க யாரும் திரையில இல்ல. விளக்கு மட்டும் தானா எரியுது.

1975ல டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக் பதினெட்டாம் நூற்றாண்டுக் கதை ஒண்ணு எடுத்தப்ப, ராத்திரி காட்சிகள மெழுகுவர்த்தி வெளிச்சத்துலயே எடுத்தாரு, அதுக்காக நாசாவுக்குன்னு ஸைஸ் (Zeiss) கம்பெனி செஞ்ச லென்ஸத் தேடிப் புடிச்சாரு. நெலாவுக்கு ஆள் அனுப்பினவங்களோட லென்ஸ வெச்சு எரநூறு வருஷம் பின்னாடி போயிருக்காரு அந்தாளு! அந்தக் காட்சிகள்ல ஆளுங்க மெதுவா அசைவாங்க, வெளிச்சத்த விட்டு நகர பயந்த மாதிரி. அது போதும் எனக்கு. அம்பது யானை வேணாம்.

வருங்காலக் கதைக்கும் இதே கணக்குதான். சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதினது எண்பதுகள்ல, கதை நடக்கறது 2021ல. அந்த வருஷத்த நாம தாண்டி வந்துட்டோம், ஜீனோ மாதிரி பேசற ரோபாட் நாய் யார் வீட்டுலயும் கொலைக்கல, அந்த ஜோசியம் பலிக்கல. இருந்தும் கதை நிக்குது, ஏன்னா அந்த ஊருல புள்ள பெத்துக்க அரசாங்கம் அனுமதி குடுக்கணும், கதாநாயகி நிலா அதுக்காகக் காத்துக் கெடக்கறவ. எனக்கு ரோபாட் மறந்தாலும் அந்த அனுமதி மறக்கல. 'இன்று நேற்று நாளை'ல டைம் மெஷின் கைல கெடச்சதும் ஹிட்லரக் கொல்லவா போறாங்க? தொலைஞ்சு போன பொருளக் கண்டுபுடிச்சுக் குடுத்து ஜோசியத்துல காசு பாக்கறாங்க. நம்மாளு அதத்தான் பண்ணுவான். ஒரு உலகத்துல எதுக்கு என்ன வெலன்னு எழுதறவனுக்குத் தெரிஞ்சா போதும், அது 1014ஆ இருந்தா என்ன 2214ஆ இருந்தா என்ன.

இது எனக்கு எந்தப் புஸ்தகமும் சொல்லிக் குடுத்ததில்ல. எங்க அத்தை சொல்லிக் குடுத்தது.

அத்தை கல்யாணம் ஆன ஒன்ற வருஷத்துல திரும்பி வந்துட்டாங்க, அதப் பத்தி வீட்டுல யாரும் பேச மாட்டாங்க. அவங்க கிட்ட ஒரு மரப்பொட்டி, அதுல பொன்னியின் செல்வன், பத்திரிகைலேர்ந்து வாராவாரம் கிழிச்சு எடுத்து கோணி ஊசியில தெச்சு பைண்டு பண்ணினது, ஓவியர் மணியம் வரைஞ்ச படத்தோட. எங்க வீட்டுக்குக் கரண்ட் வந்தது நான் ஒம்பதாவது படிக்கும்போதுதான். அதுக்கு முன்னாடி சிம்னி விளக்கு. கிருஷ்ணாயில் ரேஷன்ல லிட்டர் கணக்குல அளந்து வரும், அதனால ராத்திரிக்கு ரெண்டு அத்தியாயம்னு அத்தை கறாரா சொல்லிட்டாங்க. மூணாவது அத்தியாயம் கேட்டா "எண்ணெய் என்ன காவேரியிலயா வருது"ன்னு சொல்லி ஃபூன்னு ஊதிடுவாங்க. வந்தியத்தேவன் பாதி சுவர் ஏறிக்கிட்டு இருப்பான், விளக்கு அணைஞ்சிடும், ராத்திரி பூரா அவன் சுவத்துலயே தொங்குவான்.

ரெண்டாம் பாகத்துல நடுவுல மூணு வாரம் இல்ல. செல்லரிச்சிடுச்சு. நான் அழுதேன்னே வெச்சுக்கோங்க. அத்தை விளக்க ஊதிட்டு, இருட்டுல படுத்துக்கிட்டே, அந்தக் காணாமப் போன அத்தியாயத்தச் சொன்னாங்க. கோடிக்கரையில ஒரு ராத்திரி கலங்கரை விளக்கத்துல எண்ணெய் தீந்து போச்சு. விளக்கப் பாத்துக்கற தியாகவிடங்கர் தவிக்கிறாரு, கடல்ல எவனெவனோ இருக்கான். அவர் பொண்ணு பூங்குழலியோட அம்மா ஒரு சட்டிய எடுத்துக்கிட்டு வீடு வீடா எண்ணெய் கடன் கேட்டுப் போறா. ஒரு வீட்டுல இல்லைங்கறாங்க, ஒரு வீட்டுல "போன மாசம் வாங்கினதே வரல"ன்னு முகத்துல அடிக்கறாங்க. கடைசியா புதுசாப் புள்ள பெத்த ஒருத்தி, குழந்த தலைக்கு வெச்சிருந்த எண்ணெய அப்படியே ஊத்தறா. சட்டி நெறைய இல்ல, கால் சட்டிதான். அது எரியற நேரத்துல ஒரு படகு கரை சேந்துடுது. யாரு படகுன்னு அத்தை சொல்லல.

காலேஜ் போய் லைப்ரரில அஞ்சு பாகமும் ஒழுங்கா எடுத்துப் படிச்சேன். அப்படி ஒரு அத்தியாயமே இல்ல. ரெண்டு மூணு தடவ புரட்டினேன், இல்லவே இல்ல. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப நேராவே கேட்டேன், ஏன் பொய் சொன்னீங்கன்னு. அத்தை அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தாங்க, மொறத்த நிறுத்தல. "அவ்ளோ பெரிய விளக்கு சும்மாவாடா எரியும்?"னாங்க. அவ்ளோதான் பதில். எனக்கு அப்ப அவமானமா இருந்துச்சு, பத்து வருஷம் அந்தக் கதைய நெஜம்னு ஃப்ரெண்ட்ஸ் கிட்ட வேற சொல்லியிருக்கேன். அத்தை இப்ப இல்ல. கல்கி எழுதின கோடிக்கரை எனக்கு மங்கிப் போச்சு, கொள்ளிவாய்ப் பிசாசு வர்ற எடம் மட்டும் லேசா ஞாபகம். அந்தச் சட்டி மட்டும் அப்படியே இருக்கு.

எங்கயோ போயிட்டேன். உங்க பையனுக்கு வருவோம். அவனப் படிக்கச் சொல்லாதீங்கன்னு நான் சொல்லல, ஆனா முழுசா வேணாம், ஒரே ஒரு கல்வெட்டு போதும். பெரிய கோயில்ல, ராஜராஜனோட 29ஆவது ஆட்சி வருஷத்துல, வெவ்வேற ஊர்க் கோயில்லேர்ந்து தஞ்சாவூருக்குக் கூட்டிட்டு வந்த 400 தளிச்சேரிப் பொண்ணுங்களோட, அதாவது கோயில் பணிக்கு வந்த பொண்ணுங்களோட, பேரும் வெலாசமும் வரிசையா இருக்கு. எந்தத் தெரு, எந்தச் சிறகு, அதாவது தெருவோட எந்தப் பக்கத்து வரிசை, எத்தனையாவது வீடு, எந்தக் கோயில்லேர்ந்து வந்தவ. ஆளுக்கு வருஷம் நூறு கலம் நெல்லு. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, அதாவது மொத வீடு, திருவையாத்துலேர்ந்து வந்த நக்கன் சேரமங்கை. அதே வரிசையில ஒருத்தி பேரு எடுத்தபாதம், நடராஜர் தூக்கின கால்! இந்தப் பேர வெச்சு எந்த நாவலாசிரியனாவது ஒரு பொண்ணப் படைச்சிருந்தா நாம நம்பியிருப்போமா? டைம் மெஷின்லேர்ந்து எறங்கற பையன் நேரா ராஜராஜன் முன்னாடி போய் நிக்க வேணாம், அங்க வாசல்லயே கழுத்த வெட்டிடுவாங்க. தலைவீட்டுக் கதவத் தட்டச் சொல்லுங்க. ஊரு விட்டு ஊரு வந்தவ, அவளும் அவன மாதிரி புதுசுதான், தண்ணியாவது குடுப்பா.

அப்புறம் அவன் கிட்ட இத மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்க, அந்தப் பையன் எந்தத் திதியில எறங்கறான்? பௌர்ணமின்னா தப்பிச்சான். அமாவாசையா இருந்தா, எரநூறு அடிக்கு மேல ஒசரமா நிக்கிற கோயில் இருக்கறது கூடத் தெரியாது அவனுக்கு, போய் மதில்ல மூக்க முட்டிக்கிட்டுத்தான் தெரிஞ்சுக்குவான்.