சார் எதற்குத் திட்டினார், எதற்குத் திட்டவில்லை

கேள்வி: பள்ளியில் உங்களைக் கடுமையாக வேலை வாங்கிய விளையாட்டுப் பயிற்சியாளர் யாரையாவது இன்றும் அன்போடு நினைக்கிறீர்களா? ஏன்?

நினைக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் எங்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவரை. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட்டோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. மைதானத்தின் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் யாரும் நடக்கக் கூடாது, ஓட்டம்தான். பூட்ஸ் கயிறு தொங்கினால் வெளியே. ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு) கட்டாமல் வந்தால் அன்று முழுவதும் பந்தைத் தொட முடியாது. நடுவரைப் பார்த்துக் கையை விரித்தவன் அடுத்த ஆட்டத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பான், அவன் எத்தனை கோல் அடித்தவனாக இருந்தாலும் சரி. பயிற்சி முடிந்ததும் பந்துகளைப் பொறுக்கிப் பையில் கட்டித் தூக்கிவருவது சிறுவர்களின் வேலை அல்ல, அணியின் மூத்தவர்களின் வேலை. தலைவனாக இருந்தவன்தான் அதிகம் சுமந்தான்.

முதல் வருடம் முழுக்க அவர் எப்போது வெடிப்பார் என்று எனக்குப் புரியவே இல்லை. அதன் பிறகுதான் அதில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. கோல் வாசலில் தனியாக நின்று பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்தவனை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாஸ் தவறினால் சொன்னதில்லை. எதிராளி அழகாக ஏமாற்றிப் போய்விட்டால் அதற்கும் சொன்னதில்லை. ஆனால் பந்தைப் பறிகொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றீர்களானால் மைதானமே அதிரும். ‘பந்து போனது உன் கையில் இல்லை. நிற்பது உன் கையில் இருக்கிறது!’ என்பார். இதைச் சொல்லும்போது முகம் சிவந்திருக்கும். கெட்ட வார்த்தை ஒன்றுகூட வந்ததில்லை.

நான் வலது ஓரத்துத் தடுப்பாட்டக்காரன் என்பதால் இந்தத் திரும்பி ஓடும் பாடம் என் தலையில்தான் அதிகம் விழுந்தது. தாண்டிப் போனவனை எல்லோரும் பின்னாலிருந்து துரத்துவார்கள், உடம்பு இயல்பாகவே அதைத்தான் செய்யும். சார் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு இழுத்துக் காட்டினார். பந்தோடு ஓடுகிறவன் ஒரு புள்ளி, கோல் ஒரு புள்ளி. ‘நீ அவனைத் துரத்தினால் அவன் போன வழியெல்லாம் போக வேண்டும். உன் பக்கத்துக் கோல் கம்பத்தைப் பார்த்து நேராக ஓடு. அவனுக்கும் கோலுக்கும் நடுவில் போய் நின்றுகொள். அவன் உன்னிடம் வந்துதான் ஆக வேண்டும்.’ அந்தக் கோடு இன்றும் எனக்கு மறக்கவில்லை. தொலைக்காட்சியில் எந்த ஆட்டம் பார்த்தாலும், பந்து பறிபோனதும் என் கண் பந்தைவிட்டுப் பின்னால் ஓடுகிறவனிடம்தான் போகிறது.

எதிரே வருகிறவனை நிறுத்துவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. நேராக நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி, முழங்காலைச் சற்று மடக்கி, காலை எட்டிப்போட்டால் பந்து படும் தூரத்தில் நிற்க வேண்டும். அவன் இடுப்பை ஆட்டுவான், காலைப் பந்தின் மேல் சுழற்றுவான். எதையும் பார்க்கக் கூடாது, பந்தை மட்டும் பார்க்க வேண்டும். அவனை மெதுவாகப் பக்கக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ‘அந்தக் கோடும் ஒரு தடுப்பாட்டக்காரன். அதற்குக் களைப்பே வராது’ என்பார். பாய்ந்து காலை விடுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. பொறுமை இல்லாதவன் ஓரத்தில் ஆட முடியாது என்று சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடச் செய்வார். கையால் சட்டையைப் பிடிக்க முடியாமல் போனதும் எல்லோருக்கும் கால் தானாகவே சரியான இடத்துக்கு வந்தது.

விதிகளில் அவர் எழுத்துத் தேர்வே வைத்தார். கால்பந்தில் மொத்தம் 17 விதிகள். ஆடுகிற பையன்களில் எத்தனை பேருக்கு அவை தெரியும்? எங்களுக்குத் தெரிந்திருந்தது. அப்போது புதிதாக இருந்தது, அணிக்காரன் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற 1992-ஆம் ஆண்டு மாற்றம். 1990 உலகக் கோப்பையில் பந்தைப் பின்னால் உருட்டி உருட்டி நேரத்தைக் கொன்றார்கள். சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 2.21 கோல்தான், அதுவரை எந்த உலகக் கோப்பையிலும் இவ்வளவு குறைந்ததில்லை. அதனால்தான் விதி வந்தது என்று காரணத்தோடு விளக்கினார். விளக்கியதோடு விடவில்லை. எங்கள் கோல்கீப்பரைத் தினமும் கையுறையைக் கழற்றிவைக்கச் சொல்லி, எங்களோடு வட்டத்தில் நிறுத்தி, ஒரே தொடுதலில் பந்தைத் திருப்பி அடிக்கப் பழக்கினார். இன்றைய கோல்கீப்பர்கள் காலால் ஆட்டத்தைத் தொடங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வட்டம் நினைவுக்கு வருகிறது.

அந்தத் தேர்வில் நாங்கள் அலுத்துக்கொண்டு படித்த ஒன்று, த்ரோவில் (பக்கக் கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறிவது) நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைடு (எதிரணியின் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று பந்து வாங்கும் தவறு) கிடையாது என்பது. கோல் கிக், கார்னர் இரண்டுக்கும் அப்படியே. ஓர் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் எங்கள் முன்கள வீரன் எதிரணியின் தடுப்பு வரிசைக்குப் பின்னால் சாவகாசமாக நடந்துபோய் நின்றான். நான் த்ரோவை நீளமாக அவனுக்கே எறிந்தேன். எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்த்தார்கள். அவர்கள் கையை இறக்குவதற்குள் பந்து வலையில் இருந்தது. சார் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான். பிறகு உடனே விசிலை வாயில் வைத்து, ‘கொண்டாடியது போதும், இடத்துக்குப் போ’ என்று கத்தினார்.

தோற்ற ஆட்டங்களில்தான் அவரை அதிகம் அறிந்தேன். ஒரு போட்டியில் பெனால்டி வரை போய், எங்கள் அணியில் ஆகச் சிறந்தவன் அடித்த பந்து வெளியே போனது. அவன் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். சார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தட்டிக்கொடுக்கவில்லை, தேற்றவில்லை. இத்தாலி வீரர் ராபர்ட்டோ பாஜியோவைப் பற்றிப் பேசினார். 1994 உலகக் கோப்பை இறுதியில் பிரேசிலுக்கு எதிராக அவர் அடித்த பெனால்டி கம்பத்துக்கு மேலே போனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இத்தாலியை அந்த இறுதிக்குக் கொண்டுவந்தவர் யார்? நைஜீரியாவுக்கு எதிராக இரண்டு, ஸ்பெயினுக்கு எதிராக ஒன்று, பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு என்று தோற்றால் வெளியேற வேண்டிய மூன்று சுற்றுகளிலும் கோல் அடித்தவர் அவர்தானே. அவருக்கு முன்பே அவர் அணியின் பரேசியும் மஸ்ஸாரோவும் தவறவிட்டிருந்தார்கள். ‘அடிக்கப் போனவன்தான் தவறவிட முடியும். நீ போனாய்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுநாள் பயிற்சியில் அவனை வழக்கம்போலவே வாட்டி எடுத்தார். பாவம் பார்த்து விட்டிருந்தால் அவன் இன்னும் உடைந்துபோயிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருக்கு மிகவும் பிடித்த கதை சையது அப்துல் ரகீமுடையது. இந்திய அணியை 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்துக்குக் கொண்டுபோன பயிற்சியாளர் அவர். 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிக் கொடுத்தார். தொழிலால் ஆசிரியர், அணியினரைக் கண்டிப்போடு நடத்தியவர். ஜகார்த்தாவில் அந்த 1962 தங்கத்தை வென்றபோது புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது, அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். தலையில் காயம்பட்ட தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு மாற்றி இறக்கினார் ரகீம். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் அடித்தார், இறுதி ஆட்டத்தில் தென் கொரியா 2-1 என்று தோற்றது. இதைச் சொல்லும்போது சாரின் குரல் கம்மிவிடும்.

ஆனால் இதே மனிதர் எங்கள் விஷயத்தில் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு கார்னரில் இரண்டு தலைகள் மோதிக்கொண்டன. எங்கள் நடுத் தடுப்பாட்டக்காரன் எழுந்து நின்றான், நன்றாக இருக்கிறேன் என்றான், ரத்தம்கூட இல்லை. ஆனால் ஸ்கோர் என்ன என்று கேட்டதற்குத் தவறாகச் சொன்னான். சார் அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார். மாற்று ஆட்டக்காரர்கள் முடிந்துவிட்டார்கள், ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம், ஒருவர் குறைவாக ஆடினோம், தோற்றோம். ‘சார், ஜர்னைல் சிங் ஆடினாரே’ என்று அவன் கெஞ்சினான். ‘அவர் வளர்ந்த மனிதர், அது அவர் எடுத்த முடிவு. உன்னை உன் அம்மா என்னிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்’ என்றார். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவனை மைதானத்துப் பக்கமே விடவில்லை. சிறு வகுப்புப் பையன்களைத் தலையால் முட்டவே விட மாட்டார், அடம்பிடித்தால் இலேசான ரப்பர் பந்தைக் கொடுப்பார். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குத் தலையால் ஆடுவதைத் தடை செய்தது 2015-இல்தான். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சிறுவர் பயிற்சியில் அதை நிறுத்தச் சொன்னது 2020-இல். இவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, குழந்தையின் கழுத்தைப் பார்த்தாலே தெரிகிறதே என்பார். தண்ணீரும் அப்படித்தான். பயிற்சியின்போது தண்ணீர் குடிப்பது பலவீனம் என்று நினைத்த பயிற்சியாளர்கள் அன்று நிறையப் பேர் இருந்தார்கள். சார் விசிலடித்துக் குடிக்க வைப்பார், குடிக்காதவனைத் திட்டுவார்.

என்னை அணியில் எடுக்காத ஆண்டையும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் ஒட்டப்படுவதற்கு முந்தின மாலை, அதில் இடம்பெறாத ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது அவர் வழக்கம். பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலைமையை அவர் யாருக்கும் வைத்ததில்லை. ‘உன் இடது கால் ஊன்றுகோல் மாதிரி இருக்கிறது. நிற்க மட்டும்தான் பயன்படுகிறது. எதிராளிக்கு அது தெரிந்துவிட்டால் உன்னை ஒரே பக்கமாக அடைத்துவிடுவான்’ என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது கையில் இருந்தது. பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு சுவரில் இடது காலால் அடிக்கத் தொடங்கினேன். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் வர வேண்டும், விரல் நுனி இலக்கைப் பார்க்க வேண்டும், கணுக்கால் இறுகியிருக்க வேண்டும். அதை அவர் சொல்லிக்கொண்டே, சுவரில் பட்டுத் தாறுமாறாக ஓடும் பந்தைத் தானே போய் எடுத்துவந்து போட்டார். வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில், சம்பளம் கிடைக்காத வேலையாக, அணியிலேயே இல்லாத ஒருவனுக்காகச் செய்தார். அடுத்த ஆண்டு பட்டியலில் என் பெயர் இருந்தது. அதற்காக அவர் வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை.

அவர் செய்த எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஒருவன் தாமதமாக வந்தால் அணி முழுவதையும் ஓடவைப்பார். அது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் சரியென்று படவில்லை. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் பிள்ளைகளுக்கு ஓட்டத்தின் மேல் வெறுப்பு வரும், தாமதமாக வந்தவன் மேல் பகையும் வரும். எங்கள் அணியில் ஒருவன் அப்படித்தான் மெல்ல ஒதுங்கிப்போய் ஆட்டத்தையே விட்டான். அவன் வீட்டில் காலையில் என்ன பாடு என்று யாரும் கேட்கவில்லை. சார் கேட்டிருக்க வேண்டும்.

கண்டிப்பு என்ற பெயரில் பிள்ளைகளை அடிக்கிறவர்களையும் அவமானப்படுத்துகிறவர்களையும் நினைத்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அவர்களுக்கு என் பதில் பொருந்தாது. சார் யாரையும் தொட்டதில்லை. நிறம், உயரம், எடை, அப்பா செய்யும் வேலை எதையும் வைத்து யாரையும் பேசியதில்லை. உங்கள் பிள்ளையின் பயிற்சியாளரைப் பற்றி அறிய வேண்டுமென்றால் ஒரு மாலை போய் ஓரமாக நின்று, அவர் எதற்குக் குரலை உயர்த்துகிறார் என்று பாருங்கள். அணியில் ஆகக் கடைசியாக இருப்பவனின் பெயர் அவருக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

சார் ஓய்வு பெற்றுவிட்டார். சமீபத்தில் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொல்வதற்கு முன்பே, ‘வலது முழங்காலைக் காப்பாற்றி நடக்கிறாய், எத்தனை நாளாக?’ என்று கேட்டார். வீட்டில்கூட யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அன்று மோதிக்கொண்ட தடுப்பாட்டக்காரன் நலமா, கோல்கீப்பரின் மகள் ஆடுகிறாளாமே என்றெல்லாம் விசாரித்துவிட்டு, என்னைச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் தொடை நடுங்கும்வரை நிற்கவைத்தார். பிறகு, முதலில் மருத்துவரிடம் காட்டு, அவர் சரியென்றால் இதைத் தினமும் செய், அடுத்த முறை வரும்போது கேட்பேன் என்றார். கேட்பார். அதனால் செய்துகொண்டிருக்கிறேன்.