முதல் நாள் ஒரு பாட்டுகூட பாடலயே, இது என்ன மியூசிக் தெரபி?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயசு. 4 வருஷமா ஸ்கிசோஃப்ரீனியா. மாத்திரை ஒழுங்கா போடறான், முன்ன மாதிரி குரல் கேக்குதுன்னு சொல்றதில்ல, ஆனா யார்கிட்டயும் பேசறதும் இல்ல, ரூமை விட்டு வர்றதும் இல்ல. டாக்டர் மியூசிக் தெரபிக்கு எழுதிக் குடுத்தார். போனா முக்கா மணி நேரம் கேள்வியாவே கேட்டாங்க, அப்புறம் ஒரு சின்ன டிரம்மைக் குடுத்து தட்டச் சொன்னாங்க, அவ்ளோதான். அடுத்த வாரமும் இப்டித்தான் இருக்கும்னு சொல்றாங்க. காசு வேஸ்ட்டா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: உங்க ஆதங்கம் புரியுதும்மா. வரமாட்டேன்னு அடம் பிடிக்கிற தம்பியைக் கெஞ்சிக் கூத்தாடி கூட்டிட்டுப் போயி, அங்க பாட்டே இல்லன்னா யாருக்குதான் மனசு விட்டுப்போகாது. ஆனா நான் மனநல வார்டுல இதே வேலைதான் பாக்கறேன், அதனால சொல்றேன், ஒண்ணும் கேக்காம மொத நாளே பாட்டு போட்டிருந்தாங்கன்னாதான் நான் பயந்திருப்பேன்.

நானே அந்தத் தப்பைப் பண்ணிருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு, கேஸ் ஷீட்டை முழுசா படிக்காம, அப்போ எங்க திரும்பினாலும் ஓடிட்டிருந்த ஒரு ஹிட் பாட்டை கீபோர்டுல வாசிச்சேன், எங்கிட்ட வந்த ஒரு பையன் சந்தோஷப்படுவான்னு நெனச்சு. ரெண்டாவது வரி வர்றதுக்குள்ள காதைப் பொத்திக்கிட்டு சுவரோட ஒட்டி நின்னுட்டான். அப்புறம்தான் அவங்கம்மா சொன்னாங்க, நோய் முத்தியிருந்தப்ப அந்தப் பாட்டு டிவில வந்தாலே எனக்குத்தான் ரகசியமா ஏதோ சொல்லுதுன்னு சொல்லுவானாம், அதுக்காகவே ஒருநாள் டிவியைப் போட்டு உடைச்சிருக்கான். எந்தப் பாட்டு கேட்டா உனக்கு ஆகாதுன்னு ஒரே ஒரு கேள்வி நான் மொதல்ல கேட்டிருந்தா போதும். இப்பல்லாம் பிடிச்ச பாட்டைக் கேக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் கேக்கறேன்.

அந்த முக்கா மணி நேரத்துக்குப் பேர் அசெஸ்மென்ட். உங்க தம்பிக்கு என்ன தேவைன்னு கண்டுபிடிக்கறது. டிரம்மைக் குடுத்தது தாளம் தெரியுமான்னு டெஸ்ட் பண்ண இல்லீங்க. தானா எடுத்துத் தட்டறானா, இல்ல சொன்னாதான் தட்டறானா? எதிர்ல இருக்கிறவங்க வேகத்தைக் கொறச்சா இவனும் கொறைக்கிறானா? அவங்க நாலு தட்டு தட்டிட்டு நிறுத்தினா பதிலுக்குத் தட்டறானா, முறை வர்ற வரைக்கும் காத்திருக்கானா, எத்தனை நிமிஷத்துல கவனம் நழுவுது, நடுவுல வர்ற அமைதியைத் தாங்கறானா... இதெல்லாம் பாப்பாங்க. வார்த்தையில ஒண்ணுமே பேசாத ஆளு தாளத்துல பதில் சொல்லுவாங்க, அதைப் பாக்கறப்ப எனக்கு இன்னைக்கும் புல்லரிக்கும். ஒரு அம்மா மூணு வாரமா நிமிர்ந்துகூட பாக்கல, நான் கஞ்சிராவைத் தட்டிட்டு நிறுத்தினேன், அவங்க ஆள்காட்டி விரல் மட்டும் நாற்காலிக் கைப்பிடியில டக் டக்னு ரெண்டு தட்டு. அங்கருந்துதான் ஆரம்பிச்சோம்.

இன்னொண்ணு முக்கியம், மாத்திரை. சைகோசிஸுக்கு, அதாவது இல்லாத குரல் கேக்கறது மாதிரி நெஜத்தோட தொடர்பு விட்டுப்போற நெலமைக்கு, குடுக்கிற சில மருந்துங்க கையை இறுக்கமாக்கும், அசைவை மந்தமாக்கும், லித்தியம்ங்கற மனநல மாத்திரை எடுக்கிறவங்களுக்கு விரல் நடுங்கலாம். அது தெரியாதவங்க, பையன் மெதுவா தட்டறான், ஆர்வமே இல்லன்னு எழுதிருவாங்க, நெஜத்துல அது மருந்தோட பக்கவிளைவா இருக்கும். அதனால என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போடறான், போட்டதும் தூக்கம் வருதான்னு நீங்களே முந்திக்கிட்டு சொல்லிடுங்க. எப்பவும் ஹெட்போன் மாட்டிட்டே இருப்பான்னா அதையும் சொல்லுங்க, ஏன்னா காதுல கேக்கிற குரலை அமுக்கறதுக்குன்னே பாட்டு கேக்கறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட போயி ஹெட்போனைக் கழட்டுன்னு சொல்றது அவ்ளோ நல்லதில்ல.

எல்லா முறையும் எல்லாருக்கும் ஒத்துக்காதும்மா. கண்ணை மூடிப் படுத்துட்டு இசை கேட்டு மனசுல ஓடற காட்சியைச் சொல்ற ஒரு முறை, ஹெலன் பானிங்கறவங்க 1970கள்ல உருவாக்கினது, நல்ல முறைதான், ஆனா எது நெஜம் எது கற்பனைன்னு பிரிக்க முடியாம தவிக்கிற நேரத்துல ஒருத்தருக்கு அதைக் குடுத்தா நெலமை மோசமாயிடும். மேனியால, அதாவது மனசு அளவுக்கு மீறிப் பரபரக்கிற நெலமையில, இருக்கிறவங்களுக்கு வேகமான குத்துப்பாட்டு போட்டா ஏற்கனவே ஓடற மனசு இன்னும் ஓடும்.

பலன் இருக்கான்னு கேட்டா, இருக்கு. பல மருத்துவ ஆய்வுகளை ஒண்ணா சேத்து அலசற காக்ரேன் ரிவ்யூன்னு ஒண்ணு, 2017ல வந்தது, ஸ்கிசோஃப்ரீனியா சம்பந்தமா 18 ஆய்வு, 1215 பேர்னு சேத்துப் பாத்துச்சு. மாத்திரையோட மியூசிக் தெரபியும் சேந்தப்ப பொதுவான நெலமை, மத்தவங்களோட பழகறது இதெல்லாம் கொஞ்சம் நல்லா இருந்துச்சு, ஆனா எத்தனை தடவை போனாங்க, எவ்ளோ தரமா செஞ்சாங்கங்கறதைப் பொறுத்துதான். மாத்திரைக்குப் பதில் இது இல்ல, தயவுசெஞ்சு மாத்திரையை நிறுத்திடாதீங்க.

ரெண்டாவது வாரம் முடிஞ்சதும் தெரபிஸ்ட்கிட்ட தயங்காம கேளுங்க, என்ன இலக்கு வெச்சிருக்கீங்க, எத்தனை வாரம், முன்னேற்றத்தை எதை வெச்சு சொல்லுவீங்கன்னு. இன்னொருத்தரோட உக்காந்து 10 நிமிஷம் சேந்து வாசிக்கணும்ங்கற மாதிரி தெளிவா ஒண்ணு சொன்னாங்கன்னா நம்பி அனுப்புங்க. மனசு அமைதியாகும்னு மட்டும் சொன்னா இன்னொரு தடவை கேளுங்க.

கேள்வி: எங்கப்பாவுக்கு 61 வயசு, டிப்ரஷன். எந்த ராகம் கேட்டா சரியாகும்?
(மதுரை வாசகர்)

பதில்: இந்த நோய்க்கு இந்த ராகம்னு மாத்திரை மாதிரி எழுதிக் குடுக்க முடியாதுங்க. உங்கப்பா 20 வயசுல எதைக் கேட்டாரோ அதை மொதல்ல விசாரிங்க. சோகமா இருக்கிறவர்கிட்ட எடுத்ததுமே குதியாட்டம் போடற பாட்டு வேணாம். அமெரிக்காவுல மனநல டாக்டரா இருந்த இரா ஆல்ட்சுலர் 1948லயே இதை எழுதிட்டார், மனசு இருக்கிற இடத்துலேர்ந்தே இசையை ஆரம்பிச்சு மெல்ல மாத்தணும்னு. அப்பா பக்கத்துல உக்காந்து நீங்களும் கேளுங்க, பாட்டு முடிஞ்சதும் உடனே பேச்சுக் குடுக்காம கொஞ்ச நேரம் விடுங்க. கேட்டதும் அழுதார்னா பயப்படாதீங்க, ஆனா தொடர்ந்து சாப்பாடு தூக்கம் கொறைஞ்சா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் இருந்து என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் ராகமெல்லாம் அப்புறம், அவரைத் தனியா விடாதீங்க, உடனே அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போன் போடுங்க, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.