கஷாயம் குடித்தால் கிரியாட்டினின் இறங்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. பத்து வருடமாகச் சர்க்கரை, நான்கு வருடமாக ரத்த அழுத்தம். போன மாதம் கிரியாட்டினின் 1.8 என்று வந்தது. ஸ்கேனில் 4 மி.மீ. அளவில் ஒரு கல்லும் தெரிகிறது. அடிக்கடி நீர்க்கடுப்பு, மாலையில் பாதம் லேசாக வீங்குகிறது. அவருடைய அண்ணன் ஒரு மூலிகைக் கஷாயம் வாங்கித் தந்து, "ஆறு மாதத்தில் கிட்னியைக் கழுவி விட்டுவிடும், ஆங்கில மருந்தை நிறுத்து, தினமும் நான்கு லிட்டர் தண்ணீர் குடி" என்கிறார். ஆயுர்வேதத்தில் சிறுநீரகத்துக்கு மருந்து இருக்கிறதா?

பதில்: சகோதரி, முதலில் மாத்திரைகளை நிறுத்த விடாதீர்கள். ஆயுர்வேதம் படித்து அதையே தொழிலாகச் செய்கிற நான் இதைச் சொல்கிறேன், இன்றைக்கே அவரிடம் பேசுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நீர்க்கடுப்பும் கல்லும் சிறுநீர் போகிற பாதையில் வரும் தொந்தரவுகள். கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுவது, ரத்தத்தை வடிகட்டும் சல்லடையான சிறுநீரகத்தில் வரும் கோளாறு. பாதைக்கு உதவும் மருந்து சல்லடையையும் சரிசெய்யும் என்று எடுத்துக்கொள்வதில்தான் பலர் தவறிப்போகிறார்கள், உங்கள் கணவரின் அண்ணனும் அங்கேதான் தவறுகிறார்.

பாதையைப் பற்றி நம் பழைய நூல்கள் நிறையப் பேசுகின்றன. எரிந்து, வலித்து, சொட்டுச்சொட்டாகப் போவதை மூத்ரகிருச்சரம் என்று எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள், கல்லை அஸ்மரி என்று நான்கு வகையாக. தலை, இதயம், வஸ்தி (அதாவது சிறுநீர்ப்பை) மூன்றும் உடலின் தலையாய மர்மங்கள், அதாவது உயிர்நிலைகள் என்கிறார் பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர். சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்து எடுக்கும் முறையை இன்னொரு பழைய ஆசிரியரான சுஸ்ருதர் படிப்படியாகச் சொல்லியிருக்கிறார், கைதேர்ந்தவர் செய்தாலும் பிழைப்பது நிச்சயமில்லை, வேறு வழியே இல்லாதபோதுதான் கத்தியை எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையோடு.

ஆனால் சிறுநீரகம்? விருக்கம் என்ற பெயரில் அது நூல்களில் வருகிறது, ஆனால் சரகர் அதைக் கொழுப்புத் தாதுவின் பாதைக்கு மூலமாகச் சொல்கிறார், சிறுநீரோடு சேர்க்கவில்லை. சிறுநீர்ப்பை எப்படி நிறைகிறது என்பதற்கு சுஸ்ருதர் ஓர் உவமை தருகிறார்: புதுப் பானையைக் கழுத்துவரை தண்ணீரில் வைத்தால் பக்கங்களிலுள்ள நுண்துளைகள் வழியாகக் கசிந்து உள்ளே நிறைகிற மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த உவமை இது. ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்தில் எட்டிய தூரம் அது, அதற்காக நான் அவர்களைக் குறைவாக நினைப்பதே இல்லை. ஆனால் ரத்தத்தை வடிகட்டுவது சிறுநீரகம் என்ற செய்தி அதில் கிடையாது. அதனால் "கிட்னியைக் கழுவும்" என்ற பேச்சை ஆயுர்வேதத்தின் பெயரால் யார் சொன்னாலும் அது பிற்காலத்தில் ஒட்டவைத்தது.

இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து ஏறக்குறைய இருபது லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன, ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்குகின்றன. தழும்பானது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். பாதி வேலை போகும்வரைகூட கிரியாட்டினின் பெரிதாக ஏறாமல் இருக்கலாம் என்பதால்தான் பலருக்குத் தாமதமாகத் தெரிகிறது. 52 வயது ஆணுக்கு 1.8 என்றால் வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., 45-ஐ ஒட்டி வரும். ஒரே பரிசோதனையை வைத்து முடிவுகட்ட வேண்டாம், மூன்று மாதம் கழித்தும் 60-க்குக் கீழேயே இருந்தால்தான் நாள்பட்ட நோய் என்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயை குணமாகக் கூடியது, மருந்தோடு கட்டுக்குள் வைத்திருக்கக் கூடியது, குணமாகாதது என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தியத்தைத் தொடங்கு என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படைப் பாடம். சாத்தியம், யாப்பியம், அசாத்தியம் என்று பெயரே உண்டு. சிறுநீர் மிகுதியாகவும் கலங்கலாகவும் போகும் பிரமேகம் என்ற நோயின் இருபது வகைகளில் வாதத்தால் வரும் நான்கை, சர்க்கரை நோயோடு ஒப்பிடப்படும் மதுமேகம் உட்பட, குணமாகாதவை என்றே எழுதியிருக்கிறார்கள். ஆறே மாதத்தில் முழுக் குணம் என்கிறவர் இந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

சரி, அந்தக் கஷாயம். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வாய்கூட வேண்டாம். நெருஞ்சில், சிறுபீளை, மாவிலங்கப்பட்டை எல்லாம் பாதைக்கு நாங்கள் கொடுப்பவைதான், சல்லடை நன்றாக உள்ளவர்களுக்கு. மூக்கிரட்டையில் பொட்டாசியம் அதிகம், கல் கரைக்கத் தரும் யவக்ஷாரம் பெரும்பாலும் பொட்டாசியம் உப்புதான். வடிகட்டும் திறன் குறைந்தவருக்கு, அதிலும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்கு, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். இளநீரையும் இதே காரணத்துக்காக நினைத்தபோதெல்லாம் குடிக்கக் கூடாது. அப்புறம் ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகிய இரண்டு செடிகளும் அரிஸ்டோலோக்கியா இனம். இந்த இனத்து மூலிகை கலந்த, உடல் இளைக்கத் தரும் மருந்தைச் சாப்பிட்டு 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது, புற்றுநோயையும் அது உண்டாக்கும். பஸ்மம் (உலோகம், தாதுப்பொருள்களைப் புடம் போட்டுச் செய்யும் பொடி) கலந்ததாக இருந்தால் உலோகங்களைப் பற்றிய கவலை வேறு. 2004-ல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. எங்கள் துறையைப் பற்றி இதை எழுத எனக்கு வருத்தம்தான், ஆனால் மறைக்க மாட்டேன். மாத்திரைகளை விட்டுவிட்டு ஊர்பேர் தெரியாத பொடியைத் தின்று, மூச்சுவாங்க என்னிடம் வந்தவரை நேராக டயாலிசிஸுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நான்கு லிட்டர் தண்ணீரும் வேண்டாம். கல் மட்டும் உள்ளவருக்கு அது நல்ல யோசனை, தினம் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்கலாம். உங்கள் கணவருக்குப் பாதம் வீங்குகிறதே, அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 4 மி.மீ. கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், அதை நினைத்துப் பயப்படாதீர்கள். வலி வந்தால் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடுவதுதான் ஆபத்து.

நீர்க்கடுப்புக்கு முதலில் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்ற பரிசோதனை எடுங்கள். சர்க்கரை உள்ள ஆணுக்கு அடிக்கடி வந்தால் புரோஸ்டேட்டையும் பார்க்க வேண்டும். கூடவே யூரின் அல்புமின் (சிறுநீரில் கசியும் புரதம்), ரத்தத்தில் பொட்டாசியம் இரண்டையும் சோதியுங்கள், ஒரு சிறுநீரக மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீர் அடியோடு குறைவது, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆயுர்வேதத்திடமிருந்து அவர் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது, அதற்கு மருந்துச்சீட்டே தேவையில்லை. சிறுநீரை அடக்கக் கூடாது. அடக்கக் கூடாத பதின்மூன்று வேகங்களில், அதாவது உடலின் இயல்பான உந்துதல்களில், அதுவும் ஒன்று, வேலை மும்முரத்தில் மணிக்கணக்காக அடக்குகிறவர்களுக்குக் கடுப்பு திரும்பத் திரும்ப வருவதை நான் பார்க்கிறேன். இன்னொன்று உப்பு: திப்பிலி, க்ஷாரம் (சாம்பலிலிருந்து எடுக்கும் கார உப்பு), உப்பு மூன்றையும் அளவுமீறிச் சேர்க்காதே என்கிறார் சரகர். எல்லா உணவிலும் சேர்த்து உப்பை ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள் நிறுத்தினால் ரத்த அழுத்தமும் வீக்கமும் குறைய அது பெரிய துணை.

அண்ணனோடு சண்டை போட வேண்டாம், அவரும் தம்பி மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள், அந்தக் கஷாய பாட்டிலையும் எடுத்துப் போங்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அல்புமின் எண்ணை மறக்காமல் சேர்த்து.